மச்சும் மட்டப்பாவும்: சித்தூர்ப் பழைய வீடுகளின் மேல்தளமும் அதைக் காப்பாற்றும் வழியும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவேளை அந்தக் காலத்தில் அது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமாக இல்லாமல் இருந்திருக்கலாம். ஊரிலேயே கொத்தனார் இருந்தார், ஆசாரி இருந்தார், சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. மழைக்கு முன்னால் ஒரு முறை மாடியைப் பார்ப்பார்கள், வேண்டியதைச் செய்வார்கள், அவ்வளவுதான்.

இன்று நிலைமை அப்படி இல்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பழைய வீடுகளில் மாடித் தளம் கொஞ்சம் தொய்ந்தாலே "இடித்துவிடுங்கள்" என்ற ஒரே மருந்துதான் சொல்லப்படுகிறது. இடிக்க வேண்டிய வீடும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது இடிக்க வேண்டியது, எது பழுது பார்க்கக் கூடியது என்று பார்த்துச் சொல்ல ஆள் குறைந்துவிட்டது. அதனால்தான் நம் சங்க மலருக்கு இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். நான் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். வெல்ல மண்டியில் கணக்கு எழுதியவன். மிச்ச நேரத்தில் படித்ததையும், மேஸ்திரிகளோடு நின்று பார்த்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

சொல்லும் பொருளும்

முதலில் சொற்களைப் பார்ப்போம். மாடியுள்ள வீட்டை நம் பக்கத்தில் மெத்தை வீடு, மச்சு வீடு என்பார்கள். மேலே கூரை வேயாமல் தட்டையாகத் தளம் போட்டிருந்தால் அது மட்டப்பா. தெலுங்கில் 'மித்தெ' என்கிறார்கள். மெத்தையும் மித்தெயும் ஒலியில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை இரண்டு மொழியும் புழங்கும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிலப்பதிகாரத்தில் 'வேயா மாடம்' என்று ஒரு சொல் வருகிறது. ஓலையோ ஓடோ வேயாத மாடம் என்பது நேர்ப் பொருள். உரையாசிரியர்கள் இதை நிலா முற்றம் என்று விளக்குவார்கள். ஆகவே தட்டையான தளம் நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்ததல்ல. அவன் காலத்தில் அதற்கு ஒரு புதிய பெயரும், ஒரு குறிப்பிட்ட அளவும் ஏற்பட்டன என்று சொல்லலாம்.

பழைய தளங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. பலமநேரி, புங்கனூர்ப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. அங்கே பலகைக் கல்லையே சுவருக்குச் சுவர் போட்டு மூடிய வீடுகள் உண்டு. ராயலசீமை மித்தெ வீடுகளில் மரச் சட்டங்களின் மேல் பலகையோ குச்சியோ பரப்பி, அதன்மேல் சவுட்டு மண்ணைக் கொட்டி மிதித்து விடுவார்கள். சவுட்டு மண் ஈரம் பட்டதும் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் புது மண் போடுவதால் பாரம் கூடிக்கொண்டே போகும். ஏழை வீடுகளில் பனங்கை. பனைமரத்தின் வெளிப்புறக் கறுப்பு வைரம்தான் பலம், உள்ளே இருப்பது வெறும் சோறு. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் வேம்பு, வேங்கை போட்டார்கள். சேஷாசலம் மலைப் பக்கத்து ஊர்களில் தூணுக்குச் செம்மரத்தையே நிறுத்தினார்கள். கரையான் எளிதில் தொடாத மரம் அது. இன்று செம்மரத்தை வெட்டவோ கொண்டுபோகவோ வனத்துறை அனுமதி வேண்டும். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் 1995-இலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய வீட்டில் செம்மரத் தூண் இருந்தால் கழற்றுவதற்கு முன் இதை மனதில் வைக்க வேண்டும்.

மரமே இல்லாத மாளிகை

திருப்பதியிலிருந்து அடிக்கடி பஸ் போகும் தூரத்தில் சந்திரகிரி இருக்கிறது. தலைக்கோட்டைப் போருக்குப் பின் தளர்ந்த விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்குப் போய், பின்னர் 1592 வாக்கில் சந்திரகிரிக்குத் தலைநகரை மாற்றிக்கொண்டது. 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றபோது, இடம் கொடுத்த நாயக்கருக்கு மேலாட்சி செய்தவர் இந்தச் சந்திரகிரி அரசர்தான். சென்னையின் பிறப்புக்குச் சித்தூர்ச் சீமையில் ஒரு தொப்புள்கொடி உண்டு என்று நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அங்கே நிற்கும் ராஜமஹால் மூன்று நிலை கொண்டது. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. போகிறவர்கள் சிலைகளைப் பார்க்கிறார்கள், தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை போகும்போது அண்ணாந்து பாருங்கள். அந்தக் கட்டடத்தில் மரம் கிடையாது. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை, இவை மட்டும். மேல்நிலையின் பாரத்தை வளைவுகள் வாங்கித் தூண்களுக்கும் சுவருக்கும் கொடுத்துவிடுகின்றன. மரம் இல்லாததால் கரையானுக்கு அங்கே வேலை இல்லை, இற்றுப் போகச் சட்டமும் இல்லை.

அப்படியானால் எல்லோரும் ஏன் அப்படிக் கட்டவில்லை? வளைவு போட வேண்டுமானால் சுவர் பருமனாக இருக்க வேண்டும். வளைவு பாரத்தைக் கீழே மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தாங்க இடமும் செலவும் வேண்டும். அரசனுக்கு அது முடியும். பஜார் தெருவில் பதினைந்தடி அகல மனை வைத்திருக்கும் வியாபாரிக்கு முடியாது. அவனுக்கு மெல்லிய சுவர், நேரான சட்டம், அதன்மேல் தளம் என்பதே கட்டுபடியாகும். இந்தக் கணக்கில்தான் 'மெட்ராஸ் டெரஸ்' நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

மெட்ராஸ் டெரஸ் என்ன செய்கிறது?

சித்தூர் 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி தனி மாவட்டம் ஆவதற்கு முன் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. கலெக்டர் கச்சேரியும் கோர்ட்டும் இங்கே இருந்ததால் சென்னை மரபில் பழகிய மேஸ்திரிகளும் வந்தார்கள். காட்பாடியிலிருந்து ரயில் வந்த பிறகு தேக்குக் கட்டை வருவதும் எளிதாயிற்று. 1852-இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டது முதல் பர்மாத் தேக்கு சென்னைத் துறைமுகத்தில் குவிந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அந்த வரத்து நின்றது. உங்கள் வீட்டுச் சட்டம் பர்மாத் தேக்காக இருந்தால் அது பெரும்பாலும் இந்தத் தொண்ணூறு ஆண்டுகளுக்குள் வந்த மரம்.

கட்டும் முறை இதுதான். சுவருக்குச் சுவர் ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம் வைப்பார்கள். அதன்மேல் அச்சுக்கல் என்னும் சிறிய, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் தோய்த்து, படுக்கையாக அல்லாமல் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாக்கில் வரிசை போடுவார்கள். கல் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்கும். அதன்மேல் மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. அதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக் கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எகிறிக் குதிக்கும் வரைக்கும், ஜல்லி கெட்டியாகும் வரைக்கும் தட்டவேண்டும். இடையிடையே கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். மொட்டை மாடியானால் மேலே தட்டோடு பதித்துப் பூச்சு. உள் மாடியானால் காவித் தரையோ கடப்பைக் கல்லோ வரும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு இந்தத் தளத்துக்கென்றே ஐ.எஸ். 2119 என்று ஒரு விதிநூல் வெளியிட்டிருக்கிறது. அதன் தலைப்பிலேயே 'மெட்ராஸ் டெரஸ்' என்ற பெயர் இருக்கிறது. ஒரு ஊரின் பெயர் இந்தியா முழுமைக்குமான கட்டட விதியில் ஏறியது சிறிய பெருமை அல்ல.

காரையின் கதை

சென்னைச் சுண்ணாம்பின் புகழ் மூன்று நூற்றாண்டுப் பழமை உடையது. செயிண்ட் ஹெலினாத் தீவில் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர் சென்னையில் சிறந்த காரை செய்யும் முறையைப் பற்றி எழுதிய குறிப்பு, 1730-களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாயிற்று. வெல்லம், கடுக்காய், பயறு வேகவைத்த நீர், மேல்பூச்சுக்கு முட்டை வெண்கரு, தயிர், நெய் என்று நம் கொத்தனார்களின் சமையல் குறிப்பே அதில் இருக்கிறது.

அதற்கும் ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் தம் நூலின் ஏழாம் பகுதியில் மரத்தின்மேல் தளம் போடுவதைச் சொல்கிறார். பலகையின் மேல் பெரணியோ வைக்கோலோ பரப்பு, சுண்ணாம்பு மரத்தைக் கெடுக்காது. அதன்மேல் கல் ஜல்லிக் காரை போட்டு ஆட்களை வரிசையாக வைத்து மரக்கட்டையால் அடி. அதன்மேல் ஓட்டுத் தூள் மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு என்று அவர் முறை போகிறது. ஓட்டுத் தூள் என்பது நம் சுர்க்கிதான். ரோமானியரும் நம்மவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்களா என்று நான் இங்கே வாதம் செய்ய வரவில்லை. மரம், சுண்ணாம்பு, செங்கல் மூன்றும் கையில் இருந்தால் அறிவுள்ள மேஸ்திரி எந்த நாட்டிலும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்வான்.

வெல்லத்தைப் பற்றி நான் சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். சித்தூர் வெல்ல மண்டி பேர் பெற்றது. காரைக்குச் சாப்பாட்டு வெல்லம் தேவையில்லை, கழித்த கறுப்பு வெல்லமே போதும். சர்க்கரைச் சத்து காரையை உடனே இறுக விடாது. மேஸ்திரிக்குத் தட்டவும் தேய்க்கவும் நேரம் கிடைக்கும், தண்ணீரும் குறைவாகச் செல்லும். கடுக்காயின் துவர்ப்பு காரையோடு சேர்ந்து அதை இறுக்குகிறது. நமக்குப் பக்கத்தில் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இவ்வகைச் சேர்மானங்களைச் சோதனைச் சாலையில் வைத்து ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். பாட்டிமார் சொன்னதைப் பொறியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள் என்று மகிழலாம்.

முட்டை வெண்கரு சேர்த்தால்தான் பளபளப்பு வரும் என்பவர்கள் உண்டு. சமணர் வீடுகளில் அது ஆகாது. முட்டையில்லாமலே எங்கள் பழைய வீடுகளில் சுவர் கண்ணாடி போல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நன்றாக நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட்ட சுண்ணாம்பும், சலித்த நைஸ் பொடியும், விடாமல் தேய்க்கிற கையும் இருந்தால் போதும்.

தளம் ஏன் தொய்கிறது?

முதல் காரணம் பாரம். பன்னிரண்டடி அகலம், இருபதடி நீளம் உள்ள ஒரு கூடத்தின் மேல் எட்டு அங்குலப் பருமனில் இந்தத் தளம் இருந்தால் அதன் எடை மட்டும் ஏறக்குறைய 8 டன். ஆள், பீரோ, மூட்டை எல்லாம் இதற்கு மேல். அதன்மேல் ஓர் அங்குலம் சிமெண்ட் பூசினால் இன்னும் ஒரு டன்னுக்கு மேல் ஏறுகிறது. ஒழுகுகிறதே என்று பத்து வருஷத்துக்கு ஒரு முறை பூசிக்கொண்டே போனால் அடியில் இருக்கிற சட்டம் என்ன செய்யும்?

இரண்டாவது, மரத்தின் இயல்பு. தாங்கக் கூடிய பாரமே ஆனாலும் பல ஆண்டு சுமந்தால் மரம் மெல்ல மெல்ல வளைந்து அந்த வளைவிலேயே நின்றுவிடும். எண்பது வருஷச் சட்டம் ஒன்றரை அங்குலம் தொய்ந்திருந்தால் அது மரம் கெட்டதற்கு அடையாளமாக இருக்கவேண்டும் என்பதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம், ஈரம். சட்டத்தின் நடுப்பகுதி காற்றில் இருக்கிறது, கெடாது. சுவருக்குள் புதைந்த முனைதான் கெடும். மழைநீர்க் குழாய் ஒழுகினாலும், சுவருக்கு வெளியே சிமெண்ட் பூசி ஈரம் வெளியேற வழியில்லாமல் செய்தாலும், முனை உள்ளேயே இற்றுப்போகும். வெளியே பார்த்தால் சட்டம் புத்தம் புதிதாகத் தெரியும். ஈரம் உள்ள இடத்துக்குத்தான் கரையானும் வரும்.

பாண்டிநாட்டிலும் தொண்டைநாட்டிலும் சமண முனிவர்கள் தங்கிய குகைப் பள்ளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையின் நெற்றியில் ஒரு நீர்வடி விளிம்பு வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அந்த விளிம்போடு நின்று வெளியே சொட்டிவிடும், கற்படுக்கைக்கு வராது. தண்ணீரைத் தடுப்பதைவிட அதற்கு வேறு வழி காட்டுவது மேல். இரண்டாயிரம் வருஷத்துப் பாடம் இது. இன்றைக்கும் வீட்டுப் பழுதில் முதல் பாடம் இதுவே.

எங்கள் வீட்டில் நடந்த வேலை

சித்தூர் பஜார்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மெத்தை வீடு இருக்கிறது. கீழே கடை, மேலே கூடம். நான் சொன்ன அதே அளவு, பன்னிரண்டுக்கு இருபது. கூடத்தில் நடந்தால் பீரோக் கதவு தானாகத் திறக்கும். பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். "அப்பா, இடிச்சிட்டு மூணு மாடி கட்டிடலாம், இல்லன்னா வித்துடலாம்" என்றார்கள். வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் ஒருவர் ஏணிகூடக் கேட்காமல், கீழே நின்றபடியே "இது நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு வயதான மேஸ்திரியும், படித்த பொறியாளர் ஒருவரும் வந்தார்கள். மேஸ்திரி செய்த முதல் வேலை, சுவருக்குச் சுவர் நூல் பிடித்து நடுவில் தொய்வை அளந்தது. ஒன்றேமுக்கால் அங்குலம். அந்த அளவைத் தேதியோடு சுவரில் எழுதினார். விரிசல்களின் மேல் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் காரை வைத்து ஒட்டினார். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும், நின்றுவிட்ட விரிசல் என்றால் உடையாது. கூடத்தில் இருந்த பீரோக்களையும் மூட்டைகளையும் அன்றைக்கே இறக்கச் சொன்னார். கடையையும் மூடினோம். மூன்று மாதம் பார்த்தோம், கண்ணாடி உடையவில்லை.

அடுத்து ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் சுவரைக் கொஞ்சம் கொத்தி, தமரூசியால் குத்திப் பார்த்தார். பதின்மூன்று சட்டத்தில் பத்து கல் மாதிரி இருந்தது. மேற்குச் சுவரில் மூன்று முனைகளில் ஊசி கைப்பிடி வரை இறங்கியது. "அய்யா, மரம் நல்லாத்தான் கீது, முனைதான் போயிட்ச்சி. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாக்காம மரத்தத் தொடக்கூடாது" என்றார். வெளியே மழைநீர்க் குழாயின் மூட்டு விட்டிருந்தது. முதல் செலவு அந்தக் குழாய்க்குத்தான்.

பழைய சுண்ணாம்பு வெள்ளையைச் சுரண்டியபோது சட்டங்களின் பக்கவாட்டில் உளியால் கீறிய எண்கள் தெரிந்தன. ௧, ௨, ௩ என்று தொடங்கி ௰௩ வரை. எந்தச் சட்டம் எந்தக் குழியில் உட்கார வேண்டும் என்று ஆசாரி போட்டுக்கொண்ட குறி. இந்த ஊர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி, இந்தக் கூடத்தை மூடியவர் தமிழ் எண்ணில் கணக்குப் போட்டவர் என்பதற்கு இதைவிடச் சாசனம் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அதன் பிறகு விற்கும் பேச்சு வரவில்லை.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் சட்டங்களுக்குக் குறுக்கே கீழே கனமான பலகை கொடுத்து, ஜாக்கிகளால் முட்டுக் கொடுத்தார்கள். முட்டின் கால் வெறும் தரையில் நிற்காமல் அடியிலும் பலகை வைத்தார்கள். முட்டு நின்ற பிறகுதான் மேல்வேலை.

இரண்டாவது, பாரம் குறைத்தல். எங்கள் பெரியவர்கள் வாங்குவதற்கு முன்பே யாரோ பூசியிருந்த இரண்டு அங்குலச் சிமெண்டைச் சிறு உளியால் பெயர்த்து எடுத்தார்கள். இயந்திரம் வைத்து அதிர விடவில்லை. இரண்டு டன்னுக்கு மேல் கழிந்தது. குப்பையை மாடியிலேயே குவிக்காமல் அன்றன்றைக்கு இறக்கினார்கள்.

மூன்றாவது, மெல்லத் தூக்குதல். ஜாக்கியை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்றே ஏற்றினார்கள். முழுத் தொய்வையும் எடுக்க முயலவில்லை. எண்பது வருஷ வளைவை ஒரு வாரத்தில் நிமிர்த்தப் போனால் மேலே உள்ள காரைத் தளம் வெடித்துவிடும். முக்கால் அங்குலம் எடுத்ததும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள்.

நான்காவது, இற்ற முனைகள். கெட்ட பகுதியை அறுத்து எடுத்து, நல்ல மரத்தின் இரு பக்கமும் இரும்புச் சானல் வைத்து போல்ட் முடுக்கி, அந்தச் சானலைச் சுவரில் வைத்த கருங்கல் பலகைமேல் உட்கார வைத்தார்கள். சுவருக்குள் போகும் நல்ல முனைகளைச் சுற்றிக் காற்றுப் போக விரலிடை இடம் விட்டார்கள். அங்கே சிமெண்டால் அடைப்பது மரத்துக்குச் சமாதி கட்டுவது போல.

ஐந்தாவது, நடு உத்திரம். இதில் பொறியாளர் சொன்ன கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே சீராகப் பாரம் இருக்கும்போது சட்டத்தின் நீளம் பாதியானால் தொய்வு பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதேபோல் நாலுக்கு ஆறு சட்டத்தை ஆறு அங்குலம் உயரமாக நிறுத்தாமல் படுக்க வைத்தால் தொய்வு இரண்டேகால் மடங்கு கூடும். நம் ஆசாரிகள் சட்டத்தை ஏன் எப்போதும் நிறுத்தியே வைத்தார்கள் என்பது இப்போது விளங்குகிறது. ஆகவே சட்டங்களின் நடு வயிற்றில், அறையின் நீளவாக்கில் இரும்புக் கர்டர் ஒன்று போட்டோம். அதன் நடுவில் கடைக்குள் ஒரு தூண். தூணுக்கு அடியில் கெட்டி மண் வரை தோண்டித் தனி அஸ்திவாரம். கர்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளிகளில் தேக்கு ஆப்பு வைத்து இறுக்கி, அதன் பிறகே ஜாக்கிகளை இறக்கினார்கள்.

கடைசியாகத் தளத்தின் காயங்களைச் சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், கடுக்காய்த் தண்ணீர், எங்கள் மண்டி வெல்லம் சேர்த்தே அடைத்தார்கள். பழைய சுண்ணாம்புக்குச் சிமெண்ட் ஒட்டுப் போட்டால் ஒன்று இறுகி நிற்கும், இன்னொன்று அசையும், ஓரத்தில் மறுபடி பிளக்கும்.

கரையானைப் பற்றி எங்கள் வீட்டில் கொஞ்சம் விவாதம் நடந்தது. உயிர்க்கொலை வேண்டாம் என்பது எங்கள் நெறி. மேஸ்திரி சொன்ன வழி எங்களுக்கு ஒத்துவந்தது. ஈரத்தை நீக்கு, மண்புற்று ஏறும் பாதையைத் துடைத்துத் திறந்து வை, முனைகளுக்கு முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசு. வரவிடாமல் செய்வதுதான் வந்தபின் கொல்வதைவிட மலிவு, பாவமும் குறைவு.

தரைமட்டத் தளம் அமுங்கினால் கதை வேறு. அங்கே சட்டம் கிடையாது. கழிவுநீர்க் குழாய் ஒழுகியோ எலி வளை தோண்டியோ அடி மண் இறங்கியிருக்கும். கோலால் தட்டினால் பொள்ளல் சத்தம் காட்டிக்கொடுக்கும். கல்லைப் பெயர்த்து, ஒழுகலை நிறுத்தி, மணலைப் பாதி பாதியாகக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, அதே கல்லைத் திரும்பப் பதித்துவிடலாம்.

காளத்தியும் கலஸ் மஹாலும்

பழமை என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று நான் சொல்லவில்லை. காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26-ஆம் தேதி இரவு சரிந்து விழுந்ததை நாம் எல்லோரும் அறிவோம். கோபுரத்தில் பிளவு விழுவதற்கு முன்பே தெரிந்தது. கடைசி நேரத்தில் ஆட்களை விலக்கியதால் உயிர்கள் தப்பின. 2017-இல் புதிய கோபுரம் குடமுழுக்குக் கண்டது. புதிய கோபுரம் அழகானதே. ஆனால் 1516-ஆம் ஆண்டின் செங்கல் திரும்பி வராது. விரிசல் என்பது கட்டடம் நமக்குப் போடும் கடிதம். பிரித்துப் படிக்காமல் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் சென்னையைப் பாருங்கள். சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாப் 1768-இல் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உயிரையே கொடுத்தார். கூரையும் தளமும் போய்ச் சுவர் மட்டும் நின்ற அந்தக் கட்டடத்தை அரசுப் பொதுப்பணித் துறை இடிக்கவில்லை. சுண்ணாம்புக் காரையும் மெட்ராஸ் டெரஸும் தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடித்து மீண்டும் எழுப்பியது. எரிந்த தளத்தையே மீட்க முடியும் என்றால், தொய்ந்த தளத்தை மீட்க முடியாதா?

நம் கடமை

நம்மில் பிழைப்புக்காக இங்கே வந்து தங்கியவர்கள் உண்டு. இருந்த இடத்திலேயே இருந்து, எல்லைக் கோடு நகர்ந்ததால் வெளிமாநிலத்தார் ஆனவர்களும் உண்டு. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. ம.பொ.சி. முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. கோடுகள் இன்னும் மாறலாம். அதைப் பற்றி யார்மேலும் எனக்குக் குறையில்லை. தெலுங்கு மக்கள் நம்மை உறவாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மண்ணில் நம்மவர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குப் பட்டயமும் கல்வெட்டும் கோயிலில் இருக்கின்றன. சாதாரணக் குடும்பத்துக்கு அதன் வீடுதான் பட்டயம்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். மாடித் தளம் தொய்ந்திருந்தால் முதலில் பாரத்தை இறக்குங்கள், கீழே படுப்பதை நிறுத்துங்கள். நூல் பிடித்து அளந்து தேதி போடுங்கள். ஒரு மேஸ்திரி, ஒரு பொறியாளர், இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஏணி கேட்காதவர் சொல்லும் தீர்ப்பை ஏற்காதீர்கள். இரண்டு பேரும் இடிக்கத்தான் வேண்டும் என்றால் இடியுங்கள், மனிதரைவிட மரம் பெரிதல்ல. அப்போதும் இடிப்பதற்கு முன் சட்டத்தின் பக்கவாட்டைச் சுரண்டிப் பாருங்கள். எண்ணோ எழுத்தோ இருந்தால் படம் எடுத்து, அறையின் அளவைக் குறித்து, கட்டிய காலம் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாலு வரி எழுதி நம் சங்கத்துக்குக் கொடுங்கள். அடுத்த மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிட நான் பொறுப்பு ஏற்றுக்கொள்கிறேன்.